செட்டிநாட்டின் கடல் பக்கம்

வியாழன், கானாடுகாத்தான்

காரைக்குடியிலிருந்து கிழக்கே தேவகோட்டை, திருவாடானை தாண்டிப் போனால் தொண்டி. அதோடு கடல். செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. வீடு பார்க்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு மதுரைக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். இந்தத் தடவை நான் இந்த வீடுகளில் தொடங்கிக் கடலில் கால் வைக்கும்வரை போவது என்று முடிவு செய்து வந்திருக்கிறேன்.

கூடவே அக்கா மகன். சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். லீவு கிடைத்தால் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்துக்கு ஓடிவிடுவான். அங்கே போர்டு என்கிற பலகையில் நின்று அலைமேல் போகும் அலைச்சறுக்குப் பழகியவன். கடற்கரை ஊர் என்றால் அவன் மனசில் இருப்பது அதுதான். விடியும்போது போர்டோடு தண்ணீரில் இறங்குவது, வெயில் ஏறியதும் நிழலில் உட்கார்ந்து இட்லி, பிற்பகல் தூக்கம், சாயங்காலம் மறுபடி தண்ணீர், யாருக்கும் அவசரம் இல்லை. தொண்டியும் அப்படி இருக்குமா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். போய்ப் பார்ப்போம் மாப்ளே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாங்கள் வந்த ராமேசுவரம் ரயிலைப் பெரியவர்கள் இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்வார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு இந்த ரயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், பிறகு கொழும்பு ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே காரைக்குடியில் இறங்கி, ஸ்டேஷனிலேயே ஒரு காப்பி குடித்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தோம்.

தங்கியிருப்பது செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் பழைய வீடு ஒன்றில். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்புத் திண்ணை, வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கட்டுக் கட்டாகப் போய்க்கொண்டே இருக்கிறது. தூண்கள் பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலிச் சலவைக்கல், சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஜப்பான் பூக்கல், நிலைக்கு மேலே பெல்ஜியம் கண்ணாடி. சுண்ணாம்புச் சுவரைக் கையால் தடவினால் வழுக்குகிறது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து இழைத்த பூச்சு அது. இவ்வளவிலும் சுண்ணாம்பையும் உழைப்பையும் தவிர்த்துப் பெரும்பாலானது கடல் வழியாக வந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி காலைக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வைத்தார். பேச்சுவாக்கில், “எங்க ஐயா கொண்டுவிக்கப் போனது மலாய்க்கு. அவுகளுக்கு மூத்தவுக ரங்கூன்” என்றார். பிழைப்புக்காகக் கடல் கடந்து போவதை இங்கே கொண்டுவிற்கப் போவது என்றுதான் சொல்கிறார்கள். போனவர்கள் பெட்டிக்கடை வைக்கப் போகவில்லை. பர்மாவில் நெல் விளைவித்தவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களில் நெல்விலை சரிந்தபோது, திரும்பாத கடனுக்கு ஈடாக நிலம் நிலமாகக் கைக்கு வந்தது. 1942-இல் ஜப்பான் படை உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கியில் தங்கி, ஒரே கூடத்தில் ஆளுக்கொரு கணக்குப் பெட்டி வைத்து உட்காரும் பெட்டியடிகள் வரிசையாக இருக்க, அங்கேயே தொழில், அங்கேயே படுக்கை. மூன்று வருஷம் முடிந்தால் ஊர் திரும்பலாம். அந்த மூன்று வருஷத்துக்கும் இந்தப் பெரிய வீட்டில் இருந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும்தான். வளவில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது எனக்குத் தேக்குத் தூணைவிட அந்தப் பெண்கள்தான் பெரிதாகத் தெரிந்தார்கள்.

காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்கோள் வந்து, அங்கிருந்து உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் நகரத்தார் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. இவ்வளவு உயரமான மேடை போட்டு வீடு கட்டுவதற்கும் அந்தப் பழைய பயம்தான் காரணம் என்பார்கள். கடலுக்குப் பயந்து இவ்வளவு தூரம் உள்ளே வந்தவர்கள் மறுபடி கடலைத் தாண்டித்தான் இந்த வீடுகளைக் கட்டினார்கள். வீட்டைப் பார்த்தவர்கள் அந்தக் கடலையும் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

வெள்ளி, ஆத்தங்குடி – காரைக்குடி

காலையில் ஆத்தங்குடி. தரையில் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறையில் ஒரு மணி நேரம் நின்றிருப்போம், போதவில்லை.

அங்கே அடுப்பும் இல்லை, பெரிய இயந்திரமும் இல்லை. கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கும் ஒருவர், அவருக்கு முன்னால் சதுரமாக ஒரு கண்ணாடி. கண்ணாடியைத் துணியால் துடைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் வைக்கிறார். அதற்குள் பூ வடிவத்தில் தகடு வளைத்த அச்சு. சின்னக் கரண்டியால் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றுகிறார்: இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், சுற்றிப் பச்சை. அச்சை நேராக மேலே தூக்குகிறார். அந்த ஒரு நொடியில் கை ஆடினால் இதழ் கலங்கிவிடும். கலங்கவில்லை. அதன்மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவுகிறார். ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. பிறகு சாந்து, மட்டப்பலகையால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், கல் காயப் போகிறது. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறும். கடைசியில் கண்ணாடியை எடுத்தால் அது பட்ட பக்கம் கண்ணாடியைப் போலவே பளபளக்கிறது. மெருகு என்று தனியாக ஒன்றும் போடுவதில்லை. வீட்டில் பதித்தபிறகு தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்து நடக்க நடக்க மினுங்கும் என்கிறார்கள்.

மாப்பிள்ளை ஒரு கல்லுக்கு வண்ணம் ஊற்றக் கேட்டான், கொடுத்தார்கள். பூ வந்தது, ஆனால் இரண்டு இதழ் ஒன்றாகிவிட்டது. பட்டறை அண்ணன் அதையும் தூக்கிப் போடாமல் மற்ற கற்களோடு காய வைத்தார். கப்பலில் வந்து இறங்கிய பூக்கல்லைப் பார்த்த ஊர், அதற்கு ஈடாக உள்ளூர் மணலில் இதைச் செய்துகொண்டது என்று எனக்குத் தோன்றியது. சீமைக் கல்லைவிட எனக்கு இதுதான் அழகு.

மதியத்துக்கு மேல் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய சாமான் கடைகள். மங்குத் தட்டு, மங்குத் தூக்கு, வெற்றிலைப் பெட்டி, பித்தளைப் பூட்டு, கப்பல் பயணத்துக்குக் கொண்டுபோன இரும்புப் பெட்டி. வீடுகள் இடிபட இடிபட இவை தெருவுக்கு வருகின்றன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதியை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அது நடந்தும், பங்காளிகள் பலராகி யாரும் பழுதுபார்க்க முடியாமல் நிற்கும் வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. தேக்குத் தூண் லாரி ஏறிப் போகிறது. கஷ்டமாக இருக்கிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரவு மெஸ்ஸில் மீன் குழம்பு. மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தொண்டிப் பக்கம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று சொல்லிக்கொண்டே போனார் பரிமாறியவர். செட்டிநாட்டுச் சமையல் என்று ஊரெல்லாம் பலகை மாட்டுகிறோமே, அதில் பாதி, நமக்கும் இலங்கைக்கும் நடுவில் இருக்கும் பாக் விரிகுடாவின் கரையிலிருந்து வருகிறது.

சனி, தொண்டி

தேவகோட்டையில் பேருந்து மாறினோம். அங்கிருந்து கிழக்கே நிலம் தட்டையாகிக்கொண்டே போகிறது. செம்மண் போய்க் கரிசலும் களிமண்ணும், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை, அறுத்து முடித்த வயல், கண்மாய்க் கரை. மாசி பிறந்துவிட்டதால் மிளகாய்ப் பழம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். களத்தில் சிவப்பு சிவப்பாகக் காய்கிறது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெற்கே ஆர்.எஸ். மங்கலத்துப் பெரிய கண்மாயை, ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்வார்கள், ஒரு நாரை நிற்காமல் பறந்து கடக்க முடியாத நீளம் என்று. இந்தத் தடவை அங்கே போக நேரம் இல்லை. திருவாடானையில் இறங்கி, சம்பந்தர் பாடிய ஆதிரத்தினேசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு அடுத்த பேருந்து.

கொச்சியில் கிளம்பி மூணாறு, மதுரை என்று வரும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொண்டியில்தான் முடிகிறது. ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடியும் சாலை. சாதாரண லாட்ஜ் ஒன்றில் பையைப் போட்டுவிட்டு நேரே கரைக்கு நடந்தோம்.

மாப்பிள்ளை கரையில் நின்று ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், “மாமா, அலை எங்க?” என்றான்.

அலை இல்லை. சேற்று மணலில் தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போகிறது, கணுக்கால் உயரம்கூட எழும்பவில்லை. உள்ளே நடந்து பார்த்தான். வெகுதூரம் போயும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. தூரத்தில் நின்று கையை விரித்துக் காட்டினான்.

ஏன் என்று எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொன்னேன். கோவளத்தில் அவன் ஏறிச் சறுக்கும் அலை அந்த ஊர்க் காற்றில் பிறந்தது இல்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலின் கடைக்கோடியில் அடிக்கும் புயற்காற்று கிளப்பிவிடும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து கரை தட்டுகிறது. தொண்டிக்கும் அந்தப் பெருங்கடலுக்கும் நடுவில் இலங்கை முழுசாகக் குறுக்கே படுத்திருக்கிறது. மிச்சம் மீதி நுழையப் பார்த்தால் ராமேசுவரம் தீவு, மணல்திட்டுகள், மன்னார். அதே அலை இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பேயில் உடைகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலகத்திலிருந்து ஆட்கள் போர்டோடு அங்கே வந்து இறங்குகிறார்கள். ராமேசுவரம் தாண்டித் தெற்கே மணப்பாட்டிலும் சறுக்குகிறார்கள். இலங்கையின் மறைவைத் தாண்டி வடக்கே போனால் மாமல்லபுரமும் கோவளமும். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது ரமேஷ் புதிஹாலுக்கு வெண்கலம் கிடைத்தது. இவன் கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறான். அந்தக் கடலும் இந்தக் கடலும் ஒரே மாநிலத்துக் கடல்தான். ஆனால் இந்தப் பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் பத்து மீட்டர்கூட இல்லை. 1763 முதல் 1767 வரை சென்னைக் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் பெயரை வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்துவிட்டுப் போனார்கள். ராமேசுவரம் பக்கத்து மக்கள் இதைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள்.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “அலையே இல்லன்னு சொல்லிராதீங்க. ஐப்பசி, கார்த்திகையில வாடை அடிக்கும்போது வந்து பாருங்க, தம்பி ஓடிருவாரு” என்றார். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது, அப்போது கரையோரம் அலை எழும்பாது என்றார். இப்போது வாடை ஓய்ந்து, கிழக்கேயிருந்து கொண்டல் வருகிற சமயம். காற்றின் பெயரைச் சொல்லியே அவர் மாதத்தையும் மீனையும் சொல்லிவிடுகிறார். மாப்பிள்ளை போனில் அலை உயரம் பார்க்கும் செயலியை அவரிடம் காட்டினான். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அக்கறையாகப் பார்த்தார். “கோவளத்துக்கு இது சரி. நமக்குக் காத்துதான் கணக்கு.”

சிலப்பதிகாரம் சொல்லும் தொண்டியோர், அகிலும் துகிலும் சந்தனமும் கற்பூரமும் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து மதுரைக்கு அனுப்பியவர்கள். சேரநாட்டிலும் ஒரு தொண்டி உண்டு. மதுரைக்குக் கொண்டல் காற்றோடு சரக்கு வந்த தொண்டி இது என்பதுதான் உரைகாரர்கள் கொள்ளும் பொருள். இன்று கரையில் இருப்பது நாட்டுப்படகுகள், பள்ளிவாசல், ஐஸ் பெட்டி, டீக்கடை, வேப்பமர நிழலில் கட்டில். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் தன் கடலியல் துறையை இங்கேதான் வைத்திருக்கிறது. காரைக்குடியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கடல் தொண்டியில் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் பாய் கடையில் பரோட்டா. ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிட்டது. கோவளத்திலும் இப்படித்தான் சீக்கிரம் அடங்குமாம், காலையில் அலைக்குப் போக வேண்டுமே. இங்கே காலையில் வலைக்கு.

ஞாயிறு, காரங்காடு

இன்றைய நாளைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போய், கடல் பக்கம் திரும்பினால் காரங்காடு. மீனவர் ஊர், செங்கோல் மாதா கோயில் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடும் உப்பங்கழியின் இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகும் கயாக்கும் விடுகிறார்கள். படகு ஓட்டுவது ஊர் இளைஞர்கள், சமைப்பது ஊர்ப் பெண்கள். வருகிற காசு ஊருக்குள்ளேயே சுற்றுகிறது.

நாங்கள் கயாக் எடுத்தோம். முன்னால் மாப்பிள்ளை, பின்னால் நான். போர்டில் கையால் தண்ணீர் தள்ளிப் பழகியவனுக்குத் துடுப்பு சட்டென்று பிடிபட்டது. கழி குறுகக் குறுக இரண்டு பக்கமும் மரம் தலைக்கு மேல் கூடுகிறது, வெயில் பச்சையாகிவிடுகிறது. சத்தம் என்று பார்த்தால் துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரும், சேற்றில் நண்டு வளைக்குள் ஓடும் சலசலப்பும். ஒரு மீன்கொத்தி எங்களுக்கு வழி காட்டுவது போலக் கிளை கிளையாக முன்னால் பறந்துகொண்டே இருந்தது.

கூட வந்த தம்பி ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். சேற்றிலிருந்து நூற்றுக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன, பென்சில் பருமன், ஒரு சாண் உயரம். அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் மரம் வேரை மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. பிறகு ஒரு இலையைப் பறிக்காமல் அப்படியே திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் வெள்ளையாக, பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. உறிஞ்சிய கடல் தண்ணீரில் தனக்கு வேண்டாத உப்பை மரம் இலை வழியே வெளியே தள்ளிவிடுகிறது. மாப்பிள்ளை அந்த இலையை விடவே இல்லை, ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

2004 சுனாமிக்குப் பிறகு அலையாத்திக் காடு பற்றி எல்லோரும் பேசினோம், அப்புறம் விட்டுவிட்டோம். இந்த ஊர் விடவில்லை. விதை எடுத்து நட்டு, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டு வளர்க்கக்கூடிய காடு இது. வெட்டாமல் விட்டால் தானாகவும் வரும். மீன் குஞ்சும் இறால் குஞ்சும் இந்த வேர்களுக்குள்தான் பெரிதாகின்றன. காடு இருந்தால் வலையில் மீன் இருக்கும் என்பது படகோட்டும் தம்பிக்கு வீட்டுக் கணக்காகத் தெரியும்.

கழிமுகம் தாண்டிப் படகில் கடலுக்குள் போனோம். தண்ணீர் தெளிவாக இருந்த இடத்தில் இன்ஜினை நிறுத்தினார்கள். முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினால், அடியில் பச்சைப் புல்வெளி. கடற்பாசி வேறு, இது வேறு. வேரும் பூவும் உள்ள நிஜப் புல். நீரோட்டம் அடிக்கும்போது வயல் ஒரு பக்கமாகச் சாய்வது போல மொத்தமாகச் சாய்ந்து நிமிர்கிறது. அதற்குள் பொடி மீன்கள், ஒரு கடல் அட்டை, தள்ளி ஒரு நட்சத்திர மீன். ஆழம் குறைவு, அலை குறைவு, வெளிச்சம் தரை வரை இறங்குகிறது. அதனால்தான் இந்தப் புல். நேற்று இவன் குறையாகச் சொன்ன அத்தனையும் இந்தப் புல்லுக்குத் தேவையாக இருக்கிறது. தண்ணீருக்கு வெளியே தலையைத் தூக்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “மாமா, அலை இருந்தா இது இருக்காதுல்ல?”

இந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா வாழ்கிறது. கடல் பசு என்றும் சொல்வார்கள். மனிதனைவிடப் பல மடங்கு பெரிய பிராணி, சாது, அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில், 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதலாவது. வலையில் தவறிச் சிக்கியதை மீனவர்களே விடுவித்து அனுப்புவதும், வனத்துறை அவர்களுக்குப் பரிசு கொடுப்பதும் இந்தக் கரையில் நடக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை. படகோட்டும் தம்பியின் அப்பா பார்த்திருக்கிறாராம். விசைப்படகுகள் கடல் தரையைத் தேய்த்து இழுக்கும் இழுவை மடி என்கிற வலை போகும் இடத்தில் இந்தப் புல் வேரோடு போய்விடும். விசைப்படகுக்காரரின் கடனும் பிழைப்பும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தப் புல்வெளியைப் பார்த்தபிறகு நான் நாட்டுப்படகுக்காரர் பக்கம்தான் நிற்பேன்.

மதியச் சாப்பாடு கரையில். நண்டுக் குழம்பு, வறுத்த மீன், சோறு. சமைத்த அக்கா இலை பக்கத்திலேயே உட்கார்ந்து, நண்டுக் காலை எப்படி உடைத்தால் சதை முழுசாக வரும் என்று மாப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தார். குழம்பில் குண்டு மிளகாய்க் காரம். தேங்காய் குறைவு, புளி தூக்கல், செட்டிநாட்டு மசாலா வாசனை எதுவும் இல்லை. நேற்று முன்தினம் மெஸ்ஸில் சாப்பிட்ட குழம்பைவிட இது எனக்குப் பிடித்தது.

திங்கள், தொண்டிப் பக்கம்

சனிக்கிழமை பார்த்த வலைக்கார அண்ணன் காலையில் வரச் சொல்லியிருந்தார். அவர் ஊர் தொண்டியை ஒட்டியது. அவருடையது வத்தை என்கிற நாட்டுப்படகு. பெரும்பாலும் இன்ஜினில்தான் போகிறார். பாயும் வைத்திருக்கிறார், திருவிழாவில் பாய்மரப் படகுப் போட்டி நடந்தால் இறங்குவதற்கு. எங்களுக்காகப் பாயை விரித்தார்.

வத்தையின் குறுக்கே ஒரு நீளப் பலகையை வைத்துக் கட்டினார். காற்று வருகிற பக்கமாகப் பலகை படகுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பாயில் காற்று நிறைந்ததும் படகு ஒரு பக்கம் சாய்கிறது; சாயாமல் பிடிக்க ஆள் பலகையில் ஏறி வெளியே போய் உட்கார வேண்டும். காற்று கூடினால் இன்னும் வெளியே, குறைந்தால் உள்ளே. கீழே தண்ணீர் ஓடுகிறது, பிடித்துக்கொள்ள ஒரு கயிறுதான்.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டா ஏறினான்! அண்ணன் பின்னால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, வெளிய போ… போதும்… உள்ள வா, உள்ள வா” என்று சொல்லச் சொல்ல, பலகையில் தவழ்ந்து முன்னும் பின்னும் போனான். முதலில் அவர் சொன்னபிறகு நகர்ந்தான். கொஞ்ச நேரத்தில் பாயைப் பார்த்தே நகர்ந்தான். அதற்கப்புறம் கழுத்தில் காற்றுப் படுவதை வைத்தே நகர ஆரம்பித்துவிட்டான். அண்ணன் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு தடவை படகு இவன் பக்கமாக நன்றாகச் சாய்ந்து, இவன் முதுகு தண்ணீரைத் தொட்டு எழுந்தது. கரையில் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். என்னையும் ஏறச் சொன்னார்கள், நான் படகுக்குள் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன், அதுவும் வேலைதான்.

இறங்கியதும் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். போர்டில் காலைத் தள்ளி வைத்து எடையை எப்படி மாற்றுவது என்று இவன் மணலில் கோடு போட்டுக் காட்டினான். கோவளத்தில் 2012-இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவர் வீட்டுப் பிள்ளை என்றும், அங்கே கற்றுக்கொடுப்பவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என்றும் சொன்னான். அண்ணனுக்கு அது புதுச் செய்தி. “நம்ம புள்ளைகளா?” என்று கேட்டுவிட்டு, கரையில் நின்ற பையன்களைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். வீடியோ பார்த்தார்கள். ஒரு பையன், “எங்க பலகையும் இதும் ஒண்ணுதான்” என்றான். மாப்பிள்ளை ஒத்துக்கொண்டான்.

வெயில் ஏறுவதற்குள் கிளம்பி தேவிபட்டினம் போய் வந்தோம். கடலுக்குள்ளே நவபாஷாணம், ஒன்பது கற்கள், ராமர் வைத்து வழிபட்டார் என்பது நம்பிக்கை. தண்ணீருக்குள் இறங்கி நின்று நவக்கிரகத்தைச் சுற்றி வருகிறார்கள், கைக்குழந்தையோடும் வருகிறார்கள். அலை அடிக்கும் கரையில் இப்படி ஒரு கோயில் வைக்க முடியுமா?

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு நாளை இந்தப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். தேவகோட்டையிலிருந்து தொண்டிக்குப் பேருந்து இருக்கிறது. தொண்டியில் பெரிய ஓட்டல் எதிர்பார்க்க வேண்டாம். வசதி வேண்டுமென்றால் காரைக்குடியிலோ ராமநாதபுரத்திலோ தங்கிவிட்டு வரலாம். காரங்காட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், காற்று கூடினால் கடல் கலங்கிப் புல் தெரியாது. சாப்பாடு வேண்டுமென்றால் படகு ஏறும்போதே சொல்லிவிட்டுப் போங்கள், அப்போதுதான் நண்டு வாங்கி வைப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டிலைக் கழிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

தேவகோட்டைப் பேருந்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை அண்ணனைக் கோவளத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். சித்திரையில் தடைக்காலம் வருமே, 61 நாள் சும்மாதானே இருப்பீர்கள் என்று கேட்டிருக்கிறான். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு ஏது லீவு என்று சிரித்திருக்கிறார். பெரிய பையனை மட்டும் பரீட்சை முடிந்ததும் அனுப்புவதாகச் சொல்லி, போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.